மூச்சு நிகழ்ச்சிகளில் அறைக்காற்றையும் அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக மன்றம், நூலகம், அரும்பொருளகம் என்று பல இடங்களில் மூச்சைக் கருவாகக் கொண்ட பங்கேற்பு நிகழ்ச்சிகளை நடத்துவோருக்காக இதை எழுதுகிறோம். திரையில் ஒரு வட்டம் விரியும், சுருங்கும். வந்தவர்கள் அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடுவார்கள். மனம் லேசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரை மணி நேரமாக இருபது பேரும் ஒருவர் விட்ட காற்றை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருந்தார்களே, அது அந்தத் திரையில் எங்கே இருக்கிறது? மூச்சைப் பற்றிய எந்த நிகழ்ச்சியிலும் அறையின் கரியமில வாயு அளவு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், அதுவே படைப்பின் ஒரு பகுதியாக வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

கணக்கு எளிது. உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரமுள்ள நடவடிக்கை அறை ஒன்றில் சுமார் 134,000 லிட்டர் காற்று இருக்கும். இருபது பேர் மணிக்கு 360 லிட்டர் சேர்த்தால், முழுக்க மூடிய அறையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 பிபிஎம் ஏறும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்று இப்போது 420 பிபிஎம்மை ஒட்டி இருக்கிறது. ஆக, அரை மணியில் அறை 1,750ஐத் தாண்டிவிடும். கதவிடுக்கு வழியே கொஞ்சம் கசியும் என்பதால் நடைமுறையில் இதைவிட மெதுவாகத்தான் ஏறும். எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பதை வைத்தே அந்த அறையின் காற்றோட்டத்தை எடைபோட்டுவிடலாம்.

இந்த எண்ணை மூச்சு மொழிக்கு மாற்றினால் பார்வையாளருக்கு உறைக்கும். நாம் வெளிவிடும் காற்றில் கரியமில வாயு சுமார் 4 விழுக்காடு, அதாவது 40,000 பிபிஎம். அறை 1,620 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் 420ஐக் கழித்தால் 1,200. அதை 40,000ஆல் வகுத்தால் 3 விழுக்காடு. இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குப் போய்வந்தது. முப்பத்துமூன்று மூச்சுக்கு ஒரு மூச்சு பக்கத்தில் இருப்பவர்களுடையது, அல்லது நாமே விட்டது. 1,620 நச்சளவு இல்லை. பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 5,000. ஆனால் சளிக்காய்ச்சல் பரவும் காலத்தில் அந்த மூன்று பங்கில் வேறு என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

சிங்கப்பூரில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே உறிஞ்சி, குளிர்வித்து, திரும்ப ஊதுகிறது. குளிர்ந்த காற்று நல்ல காற்று என்று நம் தோல் நம்பிவிடுகிறது. புகைமூட்டக் காலத்தில் சிக்கல் இன்னும் கூடும். 2013 ஜூன் 21 அன்று காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐயின் மூன்று மணி நேர அளவு 401ஐத் தொட்டதை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சன்னலைச் சாத்தியது சரிதான். ஆனால் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியின் வடிகட்டி புகைத்துகளைத்தான் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. வெளிக்காற்றைத் தேசிய சுற்றுப்புற வாரியம் ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து அளந்து சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை வெளியே விளையாட விடுகிறோம். சாத்திய கதவுக்கு உள்ளே இருக்கும் காற்றுக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் நம் கையில் கொடுப்பதில்லை.

கலை உலகம் இதைத் தொடாமல் இல்லை. 1919இல் மார்செல் டுஷாம்ப் பாரிஸ் காற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்தார். 1960இல் இத்தாலியக் கலைஞர் பியெரோ மன்சோனி தம் மூச்சை பலூனில் ஊதி மரப்பலகையில் பொருத்தினார். காற்று இறங்கிப்போய் இன்று ஒட்டிக் காய்ந்த ரப்பர்தான் மிச்சம். 1977இல் மரினா அப்ரமோவிச்சும் உலாயும் மூக்கை அடைத்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து, ஒருவர் விட்டதை மற்றவர் இழுத்து, தாங்க முடியாத கட்டம் வரை போனார்கள். மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது பிராணவாயுக் குறைவைவிடக் கரியமில வாயுப் பெருக்கம்தான் என்ற உடலியல் பாடம் அதற்குள் இருக்கிறது. 2013இல் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் அமைத்த கண்ணாடி அறையில், முன்பு வந்துபோன பார்வையாளர்களின் மூச்சைப் புதியவர் சுவாசிக்க வேண்டும். மூச்சுத்திணறல், தொற்று, பீதி ஆகியவற்றுக்கான எச்சரிக்கையும் வாசலிலேயே உண்டு. எங்களுக்குப் பிடித்தது அந்த எச்சரிக்கை. படைப்பின் நேர்மை அதில்தான் இருக்கிறது. நம்முடைய சாதாரணக் கூட்ட அறைகள் பலவும் எச்சரிக்கை ஒட்டாத அதே அறைதான்.

இனி கருவிகள். அளவுமானி வாங்கும்போது அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்டிஐஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள். கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை விழுங்கும். எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை வைத்து அது அளவைச் சொல்கிறது. மலிவான சில மானிகள் வாயுவை அளப்பதே இல்லை. ஆவியாகும் கரிமச் சேர்மங்களை முகர்ந்து, அதிலிருந்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டும். கைத்தூய்மித் திரவத்தை ஒருவர் பிழிந்தாலும் சாம்பிராணி போட்டாலும் அது எகிறிவிடும். குத்துவிளக்கு வேறு கதை. அங்கே உண்மையாகவே கரியமில வாயு வருகிறது, ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ அரை ஆளுக்குச் சமம். விளக்கேற்றித் தொடங்குவதாக இருந்தால் விளக்கையும் பங்கேற்பாளர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானியை உட்கார்ந்தவர் மூக்கின் உயரத்தில், தரையிலிருந்து 1 முதல் 1.2 மீட்டரில், யார் வாய்க்கும் ஒன்றரை மீட்டருக்குள் வராமல் வையுங்கள். குளிரூட்டியின் வாய்க்கு நேரேயும் சன்னலோரத்திலும் வேண்டாம். ஆர்வத்தில் யாராவது நேராக ஊதினால் எண் உச்சத்துக்குப் போய், இறங்கச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் வரைபடம் கெட்டுவிடும். இன்னொன்று முக்கியம். பல மானிகள் கடந்த ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். இரவிலும் ஆளிருக்கும் இடத்தில், அல்லது காற்றோட்டமே இல்லாத அறையில் வைத்தால் மானி 700ஐ 400 என்று நம்பிவிடும். அப்புறம் எல்லா எண்ணும் பொய்யாக அழகாக இருக்கும். நிகழ்ச்சிக்கு முன் நிழலான வெளியிடத்தில், சாலையை விட்டுத் தள்ளி, இருபது நிமிடம் வைத்துப் பாருங்கள். 420 முதல் 450 வரை காட்டினால் சரி.

தனி ஒருவரின் மூச்சைப் பிடிக்கும் உணரிகள் இந்த ஊரில் அடிக்கடி காலை வாரும். மூக்கின் கீழே வைக்கும் வெப்ப உணரி, இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பியிருக்கிறது. விடும் காற்று சுமார் 34 பாகை. குளிரூட்டிய அறையில் 24 பாகை என்றால் பத்துப் பாகை வேறுபாடு, கோடு அழகாக ஏறி இறங்கும். அதையே 31 பாகையில் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வைத்தால் வேறுபாடு மூன்றே பாகை. மின்விசிறி சுழன்றால் அதுவும் தொலைந்தது. குளிர்நாட்டுச் செயல்விளக்கத்தை அப்படியே இறக்குமதி செய்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கண்ணாடியில் மூச்சை ஊதிப் படியவைக்கும் விளையாட்டுக்கும் இதே கதி. குளிர் அறையில் படியும், வெளியே சூடேறிய கண்ணாடியில் படியாது.

மார்பைச் சுற்றிக் கட்டும் நீளும் பட்டை நம்பகமானது, ஆனால் மார்பில் மட்டும் கட்டினால் வயிற்றால் மூச்சுவிடுபவர் செத்தவர் போலத் திரையில் தெரிவார். விலா அடியில் ஒன்று, தொப்புள் மட்டத்தில் ஒன்று என்று இரண்டு வேண்டும். சேலை மீதும் தளர்ந்த ஜிப்பா மீதும் பட்டை வழுக்கும். நாற்காலியில் ஒருவர் நெளிந்தால் அது மாபெரும் மூச்சாகப் பதிவாகும். எனவே தொடங்கும்போது மூன்று சாதாரண மூச்சை அளந்து அதையே அளவுகோலாக வையுங்கள், அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் வருவதைத் தள்ளிவிடுங்கள்.

கருவி எதுவும் இல்லாமலும் செய்ய முடியும். நாங்கள் பரிந்துரைப்பது மூச்சுக்கோலம். ஆளுக்கு ஒரு ஏ3 கறுப்புத்தாள், ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டி, 3 சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளி. ஒரே விதிதான்: மூச்சை விடும்போது மட்டும் கை நகரும், இழுக்கும்போது இருந்த இடத்திலேயே நிற்கும். நின்ற இடத்தில் சுண்ணத்தின் அழுத்தப்புள்ளி ஒன்று தானாகவே பதியும். மூன்று நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் ஒருவருக்கு முப்பத்தைந்து சிறு கோடு, இன்னொருவருக்கு இருபது நீளக் கோடு. அரிசி மாவில் தரையில் போடலாமே என்பார்கள். மின்விசிறிக்கு அடியில் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் ஈர மாக்கோலம் போடுங்கள்.

இதில் எப்போதும் கெட்டுப்போவது ஒன்று. நுணுக்கமான வளைவு வரும்போது கை நடுங்காதிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், ஊசியில் நூல் கோக்கும்போது நடப்பதைப் போல. மூச்சுக்குக் கை கட்டுப்பட வேண்டியது போய், கைக்கு மூச்சு கட்டுப்பட்டுவிடும். முதல் சுற்றில் புள்ளியே வேண்டாம், நேர்க்கோடு போதும். இரண்டாம் சுற்றில் இருவராக உட்காரட்டும்: ஒருவர் மூச்சுவிட, எதிரே இருப்பவர் தோளைப் பார்த்து வரையட்டும். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தாதியர் மூச்சை எண்ணுவது அதனால்தான். எனவே மூச்சுவிடுபவர் கையில் ஒரு நாளிதழைக் கொடுத்து மௌனமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இழுப்பு ஒரு நொடியில் முடியும், விடுவது வாக்கியத்தின் நீளத்துக்கு நீளும். கோலம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எண்ணுவதாக இருந்தால் முழு அறுபது விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு பிசகுவது நான்காகிவிடும்.

அடுத்தது சுண்ணாம்புத் தெளிநீர். தேக்கா வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு கிடைக்கும். நிறம் கலந்தது வேண்டாம், காய்ந்து உதிர்ந்துபோன பழையதும் வேண்டாம், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை முன்பே குடித்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடி, ஓரிரவு வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் காப்பி வடிதாளில் வடித்து, கண்ணாடிக் குவளைக்கு 50 மில்லி ஊற்றுங்கள். உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதினால் சில விநாடிகளில் பால்போல ஆகும். நான்கு மாடி ஏறி வந்தவர் ஊதினால் இன்னும் சீக்கிரம். பெயரும் நேரமும் எழுதிய இருபது குவளைகளை வரிசையாக வைத்தால் அதுவே காட்சிப்பொருள். மேலும் ஊதினால் திரும்பத் தெளியும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது தூய வாயுவைச் செலுத்தினால், அதுவும் தெளிநீர் நீர்த்திருந்தால். 4 விழுக்காடு உள்ள மூச்சால் இந்தச் செறிவைத் தெளியவைக்க முடியாது. முயன்றால் ஊதுபவருக்குத் தலைசுற்றும். சுண்ணாம்பு நீர் கண்ணையும் வாயையும் அரிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். உறிஞ்சுகுழலின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டால், பிள்ளைகள் மறந்து உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். சங்குப்பூச் சாறு நிறம் மாறாதா என்று கேட்பார்கள். எலுமிச்சைக்கு மாறும்; குழாய்நீரில் மூச்சை ஊதுவதால் வரும் புளிப்பு அதற்குப் போதாது.

நான்கு மொழி பேசும் ஊரில் இன்னொரு சோதனை இருக்கிறது, செலவே இல்லை. மெல்லிழைத் தாளில் ஒரு விரல் அகலத் துண்டை உதட்டுக்கு 5 சென்டிமீட்டர் முன்னே தொங்கவிட்டு, ‘பல்’ என்று சொல்லுங்கள். தாள் லேசாகத்தான் அசையும். ஆங்கிலத்தில் ‘பென்’ என்றால் தாள் துள்ளும், ஏனெனில் அந்த மொழியில் சொல்லின் முதலில் வரும் இந்த ஒலிக்குப் பின்னால் மூச்சு வெடித்து வரும். மலாயில் காலையைக் குறிக்கும் ‘பாகி’ தமிழைப் போலவே அடங்கிப் போகும். மாண்டரினில் அப்பாவுக்கும் அச்சத்துக்கும் உள்ள சொற்கள் நம் எழுத்தில் இரண்டும் ‘பா’தான், ஆனால் ஒன்றில் தாள் அசையாது, மற்றொன்றில் பறக்கும். தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசுவோருக்கு ‘பென்’னிலும் தாள் பேசாமல் இருக்கும், அதைக் கண்டு சிரிப்பு எழும். ஒலி பிறக்கத் தொப்புளிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டிடத்தில் உருப்பெறுகிறது என்று தொல்காப்பியம் சொல்கிறது. விளக்கப் பலகை எழுதுவோர் அங்கிருந்து தொடங்கலாம். ‘சுவாச மேலாண்மைச் செயல்பாடு’ போன்ற மொழிபெயர்ப்புப் பலகைகளைப் படித்தால் நமக்கே மூச்சு வாங்குகிறது.

பயிற்சி சொல்லித்தரும் பகுதியில் கவனம் வேண்டும். ‘ஆழமாக, வேகமாக’ என்ற கட்டளையை எடுத்துவிடுங்கள். வேகமாக ஊதித் தள்ளினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளைக்குப் போகும் நாளங்கள் சுருங்கும், உதடும் விரல்நுனியும் மரக்கும், தலை கிறுகிறுக்கும். அதை ஆன்மிக அனுபவம் என்று சொல்வோரும் உண்டு. அப்படி ஆனால் உட்காரவைத்து, இயல்பாக மூச்சுவிடச் சொல்லுங்கள். காகிதப் பையை முகத்தில் வைக்காதீர்கள், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. திருமந்திரம் சொல்லும், இழுக்க 16, அடக்க 64, விட 32 என்ற மாத்திரைக் கணக்கைத் திரையில் விநாடியாகப் போடுவதும் கூடாது. ஒரு சுற்று 112 விநாடி ஆகிவிடும். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கடிகார விநாடி இல்லை. அந்தப் பயிற்சியும் படிப்படியாக வருவது. புதியவர்களுக்கு நான்கு விநாடி இழுத்து ஆறு விநாடி விடுவது போதும், அடக்குதல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் கட்டாயம் வேண்டாம்.

நிமிடத்துக்கு ஆறு என்ற அந்த வேகத்துக்கு ஆதாரம் உண்டு. செபமாலை செபத்தையும் யோக மந்திரத்தையும் ஒப்பிட்டு 2001இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வில், இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்குக் கொண்டுவந்தன. கூட்டல் கழித்தலிலும் இதைக் காட்டலாம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி குழாய்களிலேயே தங்கி, நுரையீரலின் நுண்ணறைக்குப் போகாது. 250 மில்லியாக 24 மூச்சு, 500 மில்லியாக 12 மூச்சு, 1,000 மில்லியாக 6 மூச்சு, மூன்றும் நிமிடத்துக்கு 6 லிட்டர்தான். ஆனால் நுண்ணறையை எட்டுவது முதலாவதில் 2.4 லிட்டர், இரண்டாவதில் 4.2, மூன்றாவதில் 5.1. இதைத் தண்ணீரும் அளவுக்குவளையும் வைத்து மேசையில் ஊற்றிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இனி அந்த அறைக்குத் திரும்புவோம். சுவரில் இரண்டு மீட்டர் வரைபடத்தாளை ஒட்டுங்கள், கிடைக்கோட்டில் நிமிடம், நெடுங்கோட்டில் 400 முதல் 2,400 வரை பிபிஎம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பங்கேற்பாளர் எழுந்துபோய் மானியைப் படித்து ஒரு பொட்டு ஒட்டட்டும்; நெற்றியில் வைக்கும் ஒட்டுப்பொட்டே போதும், லிட்டில் இந்தியாவில் அட்டை அட்டையாக விற்கிறது. கதவு சாத்தியபடி இருபது நிமிடம். பிறகு எதிரெதிரான கதவையும் சன்னலையும் முழுதாகத் திறந்து பத்து நிமிடம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நகராது, எண் தயங்கித் தயங்கி இறங்கும். திறக்கும்போது குளிரூட்டியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வெளியின் ஈரக்காற்று பட்டு அதன் வாயில் நீர் கோத்துச் சொட்டும். அடுத்த குழுவை உள்ளே விடுமுன் எண் 500க்குக் கீழே வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அதே தாளின் ஓரத்தில் எழுதி, தாளைக் கழற்றாமல் விடுங்கள். அடுத்த குழுவினர் தங்கள் பொட்டை வேறு நிறத்தில் அதன்மேலேயே ஒட்டட்டும்.

இப்படிக்கு,
மூச்சுப் பயிலரங்குகளுக்கு அளவைக் கருவிகள் அமைக்கும் வாசகர்கள்,
சிராங்கூன்